டியூக் கிராப்னரின் கையெழுத்தும் டெல்பர்ட்டின் முதுகுவலியும்

வருகிற சனிக்கிழமை தனக்கு முதுகுவலி வந்தே தீரவேண்டும் என்று டெல்பர்ட் செவ்வாய்க்கிழமையே தீர்மானித்துவிட்டார். சும்மா வலியல்ல. எழுந்து நிற்கவிடாத வலி. குறிப்பாக, மாதா கோவில்வரை போகவிடாத வலி.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஷெபாய்கன் மாதா கோவிலில் அவர் மனைவி மார்லிஸின் அக்கா மகளுக்குக் கல்யாணம். அதே பதினோரு மணிக்கு, காரில் ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள மில்வாக்கியில், ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகளுக்கான அட்டைச் சந்தை. அந்தச் சந்தைக்கு டியூக் கிராப்னர் வருகிறார்.

டியூக் கிராப்னர் யார் என்று கேட்கிறவர்களை டெல்பர்ட் வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. அமெரிக்கக் கால்பந்தில், பந்தை அணைத்துக்கொண்டு ஓடிவந்த எதிரணிக்காரர்களை எல்லாம் பனியில் புதைத்த மகான் அவர். அவருடைய அணி கோப்பை வென்ற வருஷத்தில் ஆடிய அத்தனை பேரின் படம் போட்ட அட்டைகளும் டெல்பர்ட்டிடம் இருந்தன. ஒவ்வொன்றிலும் அந்தந்த ஆட்டக்காரர் ஓய்வுபெற்று, தொப்பை போட்டு, பேரன் பேத்தி எடுத்தபின் போட்டுக்கொடுத்த கையெழுத்து. அட்டையோடு தபால்தலை ஒட்டிய பதில் உறையும் வைத்து அனுப்பி, தபால்காரரின் வண்டிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்து சேர்த்தவை.

கிராப்னர் மட்டும் பாக்கி. அவருக்கு அனுப்பியதெல்லாம் கிணற்றில் போட்ட கல். அவர் யாருக்குமே கையெழுத்துப் போட்டதில்லை. இப்போது முதல்முறையாகச் சந்தைக்கு வருகிறாராம். இந்த ஒன்று கிடைத்தால் அணி முழுசு. கிடைக்காவிட்டால் டெல்பர்ட்டின் ஜென்மமே அரைகுறை.

புதன்கிழமை சாப்பாட்டு மேஜையில் வலி ஆரம்பித்தது.

"ஐயோ!"

"என்ன ஆச்சு டெல்பர்ட்?"

"முதுகு. உருளைக்கிழங்கை எடுக்கக் குனிஞ்சேன், புடிச்சிக்கிச்சு."

"உருளைக்கிழங்கு தட்டுலதானே இருக்கு?"

"தட்டுக்குத்தான் குனிஞ்சேன்."

மார்லிஸ் அவரை ஒரு தினுசாகப் பார்த்தாள். பிறகு அவளே கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தாள். தைலம் தேய்த்தாள். வெந்நீர்ப் பை வைத்தாள். வியாழக்கிழமை சூப் வந்தது. வெள்ளிக்கிழமை பொரித்த மீன் படுக்கைக்கே வந்தது. 'பாவம், எவ்வளவு வெகுளி!' என்று டெல்பர்ட்டுக்கே மனசு இளகியது. இன்னொரு மீன் துண்டு கேட்டார்.

அவள் மாவு பிசையும் நேரமாகப் பார்த்து அட்டை வேலையை முடித்தார். புது அட்டையின் வழவழப்பில் மை நிற்காது. குழந்தைகளுக்குப் போடும் பவுடரைத் தொட்டு மெத்தென்று தேய்த்தெடுத்தார். கெட்டி பிளாஸ்டிக் உறைக்குள் போட்டார். உறைமேல் மஞ்சள் ஒட்டுச்சீட்டில் 'கையெழுத்து மட்டும் போதும்' என்று எழுதி ஒட்டினார். சந்தை வழக்கம் அது. சீட்டில் உள்ளதை ஆட்டக்காரர் அப்படியே அட்டையில் எழுதித் தருவார். சிலர் 'என் செல்லப் பேரன் டோபிக்கு' என்றெல்லாம் எழுதி வாங்குவார்கள். டெல்பர்ட்டுக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். நல்ல அட்டையில் பேரனுக்கு என்ன வேலை? உறையை மெத்தென்ற கம்பளிக் காலுறைக்குள் திணித்துத் தலையணைக்கடியில் வைத்தார். சந்தை மேஜைவரை அதை வெளியே எடுப்பதில்லை என்று சபதம். முனை மழுங்கினால் மானம் போச்சு.

சனிக்கிழமை காலை மார்லிஸ் நீலப் பட்டு உடுப்பில் வந்து நின்றாள்.

"கொஞ்சம் எழுந்து பாரேன். கோவில்ல உக்காந்துதானே இருக்கப் போற?"

"உக்காந்தா உயிர் போகுது, மார்லிஸ்."

"எங்கக்கா கேட்டா என்ன சொல்ல?"

"எனக்காக வேண்டிக்கச் சொல்லு."

"சரி. தலையணையைச் சரி பண்ணிவிடறேன்." அவள் தலையணையைத் தட்டி, போர்வையை இழுத்துவிட்டு, நெற்றியில் ஒரு முத்தமும் கொடுத்தாள். "அசையாம படு, என்ன? நான் அக்காவோட வண்டியில போறேன்."

வாசலில் வண்டி கிளம்பிய சத்தம் அடங்குவதற்குள் டெல்பர்ட் காலுறையும் கையுமாகத் தன் காரில் இருந்தார். அறுபத்திரண்டு வயதில் அப்படி ஒரு துள்ளல் அவரைப் பெற்றவர்கள்கூடப் பார்த்ததில்லை. வழிநெடுக விசில். பெண்டாட்டியை ஏமாற்ற முடியாது என்று சொன்ன ஆண்களையெல்லாம் பெயர் பெயராக நினைத்துப் பரிதாபப்பட்டார்.

சந்தை மண்டபத்தில் வரிசை வாசல்வரை நின்றது. அவருக்குச் சற்று முன்னால் பக்கத்துத் தெரு கார்டி. அவனுக்கும் கிராப்னர் ஒருவர்தான் பாக்கி.

"அடேய் டெல்பர்ட்! உனக்கு முதுகு முறிஞ்சு போச்சுன்னு உன் வீட்டுக்காரி சொன்னாளே?"

"முறிஞ்சுதான் இருக்கு. கிராப்னருக்காக ஒரு நாள் லீவு கொடுத்திருக்கேன்."

"தெரிஞ்சா உன்னைத் தோலுரிச்சுடுவாளேடா!"

"தெரிஞ்சாத்தானே! மூளைன்னு ஒண்ணு இருக்குடா கார்டி. அதை அட்டைக்கு மட்டும் செலவு பண்ணக்கூடாது."

ஒருவழியாக மேஜை வந்தது. டியூக் கிராப்னர்! முழங்கால் இரண்டும் போய்விட்டன, காதில் ஒரு கருவி. ஆனால் கை மட்டும் அதே கை. ரொட்டிப் பலகை அகலம். டெல்பர்ட் காலுறையை நீட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிராப்னரின் மனைவி காலுறையை வாங்கி, உறையை உருவி, மஞ்சள் சீட்டைக் கணவர் முன்னால் வைத்தாள். டெல்பர்ட்டின் கண் கிராப்னர் முகத்தைவிட்டு நகரவில்லை. சீட்டைப் படித்த கிராப்னர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். மறுபடி படித்தார். தோள் குலுங்கச் சிரித்தார்.

"இதையா எழுதணும்? நிச்சயமா?"

"அதேதான் ஐயா. ஒரு எழுத்துகூட மாறக்கூடாது."

"தைரியசாலிய்யா நீ."

கிராப்னர் நீல மார்க்கரால் எழுதினார். எழுதிக்கொண்டே இருந்தார். ஆட்டச் சட்டை நம்பரையும் கோப்பை வென்ற வருஷத்தையும் தாமாகவே சேர்க்கிறார் போலிருக்கிறது என்று டெல்பர்ட் பூரித்துப்போனார். எப்பேர்ப்பட்ட மனுஷன்! அந்த அம்மாள் அட்டையை ஊதிக் காயவைத்து, உறையில் போட்டு, காலுறைக்குள் நுழைத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது அவளும் சிரித்தாள்.

வாசலில் கார்டி தன் அட்டையை ஊரெல்லாம் காட்டிக்கொண்டிருந்தான். சின்னதாக ஒரே ஒரு கையெழுத்து.

"ப்பூ! இவ்வளவுதானா?" என்றார் டெல்பர்ட். "எனக்கு எவ்வளவு நேரம் எழுதினார் பார்த்தியா? வாங்கப்பா, எல்லாரும் வாங்க! கார்டி, நீயே எடுத்துப் படி. உரக்கப் படி."

பத்துப் பேர் கூடினார்கள். கார்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தான்.

"'டெல்பர்ட்டுக்கு. முதுகு சரியானதில் மகிழ்ச்சி. சூட் கார் டிக்கியில் இருக்கிறது. ஆறு மணிக்கு விருந்து. உன் நண்பன், டியூக் கிராப்னர்.'"

மண்டபத்தில் அப்படி ஒரு சிரிப்பு. கோப்பை வென்ற அன்றுகூட ஊர் அவ்வளவு சத்தம் போட்டிருக்காது.

டெல்பர்ட் கார் டிக்கியைத் திறந்தார். சாம்பல் நிற சூட், தேய்த்து மடித்து. சட்டை. டை. பளபளவென்று துடைத்த கறுப்பு ஷூ. ஷூவுக்குள் காலுறைகூட இருந்தது.

ஆறு மணிக்கு அவர் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தபோது மார்லிஸ் இரண்டு தட்டுகளோடு தயாராக நின்றாள்.

"வா, வா. கிடைச்சுதா?"

"கிடைச்சுது." டெல்பர்ட் ஷூவைப் பார்த்துப் பேசினார். "உனக்கு எப்படி..."

"நம்ம பசங்களுக்குத் தலை நரைக்க ஆரம்பிச்சாச்சு. வீடெல்லாம் குழந்தை பவுடர் வாசனை. உனக்கே தப்பாத் தெரியலையா?"

"சீட்டை எப்ப மாத்தினே?"

"தலையணையைச் சரி பண்ணினேனே, அப்ப."

"கோவமா?"

"கோவமா இருந்தா அட்டையைக் கிழிச்சிருப்பேன். கேட்டிருக்கலாமில்ல என்கிட்ட?"

"கேட்டா விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்." மார்லிஸ் தட்டில் இன்னும் இரண்டு தொத்திறைச்சி வைத்தாள். "கட்டிப்போட்டுக் கூட்டிட்டு வந்திருந்தா மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டு மூலையில உக்காந்திருப்ப. இப்ப பாரு, அணி முழுசாச்சு. மூஞ்சி எப்படி மின்னுது! எனக்கு ஆடறதுக்கு ஆள் வேணும், டெல்பர்ட். நம்ம கல்யாணத்துக்கப்புறம் நீ என்னோட ஒழுங்கா ஒரு போல்கா ஆடினதில்ல."

டெல்பர்ட் தட்டைக் கீழே வைத்தார். பேண்டு வாசிக்க வாசிக்க ஆடினார். அக்கா, அக்கா மகள், மாப்பிள்ளையின் அத்தை எல்லாரும் அவரைச் சுற்றிக்கொண்டு கேட்டார்கள்: "முதுகு எப்படி இருக்கு?" ஒவ்வொருவருக்கும் மார்லிஸே பதில் சொன்னாள்: "அற்புதம்! ஒரே நாள்ல!" அவள் முகத்தில் இருந்த ஜெயத்தைப் பார்க்க டெல்பர்ட்டுக்கு, வெட்கத்தைவிட்டுச் சொன்னால், ஆசையாகவே இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் அட்டையைக் காரின் உள்விளக்கில் பிடித்துப் பிடித்துப் படித்தாள்.

"டெல்பர்ட், உன் அட்டை எதையும் முன்னறைச் சுவர்ல மாட்டக்கூடாதுன்னு இத்தனை வருஷமா சொல்லிட்டிருந்தேனில்ல?"

"ஆமாம்," என்றார் டெல்பர்ட்.

"இதை மாட்டிக்கலாம். நட்டநடுவுல. கதவைத் திறந்து உள்ள வர்றவங்க நின்னு படிக்கிற உயரத்துல."

மறுநாள் காலை, முதுகு வலிக்கிறது என்று சொல்ல வழியில்லாமல், டெல்பர்ட்டே ஸ்டூல் போட்டு ஏறி ஆணி அடித்தார்.