மூலைக் கடைக்குள் தொண்ணூறு பேர்

அலபாமா,
செவ்வாய்க்கிழமை

டெட்ராய்ட்டில் இருக்கும் மதிப்புக்குரிய அக்கா வெர்டெலுக்கு, தம்பி ரோஸ்கோ பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். முழங்கால் அறுவைசிகிச்சைக்குப் பிறகு நீ நடக்கிறாய் என்று கேட்டுச் சபையே கர்த்தரைத் துதித்தது. இதை உட்கார்ந்து படி. படித்து முடிக்கும்வரை தொலைபேசியைத் தொடாதே.

நேற்று சபைக் கூடத்தில் உரிமைப் போராட்ட நினைவுக் காலை விருந்து. தலைவர் நான். ஆறு மணிக்கு அடுப்பு பற்றவில்லை. முப்பத்தைந்து வருஷம் தபால்காரனாக ஊர் நாய்களையெல்லாம் சமாளித்தவனுக்கு ஓர் அடுப்பு எம்மாத்திரம் என்று குனிந்து தீக்குச்சியைக் கிழித்தேன். புருவம் போனது, அடுப்பு எரியவில்லை. மின்சார அடுப்பைச் சொருகினோம், கட்டடமே இருண்டது. வெளியே குளிரில் தொண்ணூறு பேர், முன்வரிசையில் அன்று உன்னோடு சிறைக்குப் போனவர்கள். "ரோஸ்கோ, பட்டினி கிடக்க ஜெயில்லயே பழகிட்டோம். மறுபடியும் எதுக்குப்பா பயிற்சி?" என்று லெமுவல் அண்ணன் கேட்கிறார்.

எதிரே மூலைச் சாப்பாட்டுக் கடையில் விளக்கு எரிந்தது. ஆமாம் அக்கா, அதே கடைதான். பதினேழு வயதில் உன்னையும் லெமுவல் அண்ணனையும், வெள்ளைக்காரர் மட்டுமே உட்காரலாம் என்றிருந்த முக்காலியிலிருந்து இழுத்துத் தள்ளிய கடை. அவர்களாகக் கூப்பிடும்வரை நம் வீட்டுக் கால் அங்கே படக்கூடாது என்பது உன் கட்டளை. தபால்காரனாக இருந்தும் நான் கதவிடுக்கு வழியாகத்தான் கடிதம் தள்ளினேன். நேற்று நெஞ்சை நிமிர்த்தித் தெருவைக் கடந்தேன். கதவைத் திறந்து, வாசற்படியைத் தாண்டாமல் நின்று, கடை அதிரக் கேட்டேன்: "தொண்ணூறு பேர் பசியா நிக்கிறாங்க. அடுப்பு வேணும்!"

இப்போது கடை நடத்துபவன் பழைய முதலாளியின் பேரன் கிளேட்டன். கரண்டியைக் கீழே வைத்தான். "எங்க தாத்தா பண்ணினது எனக்குத் தெரியும் சார். அன்னிக்குப் பேப்பர்ல வந்த போட்டோவைப் பார்த்திருக்கேன். எந்த முகத்தோட உங்களைக் கூப்பிடறதுன்னுதான் இத்தனை வருஷமா தெரியல. உள்ள வாங்க. எல்லாரும் வாங்க."

கூப்பிட்டுவிட்டான் அக்கா!

அப்புறம் நடந்தது ஊர்வலம்தான். முட்டைத் தட்டுகளும் வேகாத சோளக்கஞ்சிப் பானையும் முன்னே போக, பாட்டுக்குழு பின்னே பாடிக்கொண்டு போனது. நாற்பது பேர் உட்காரும் கடையில் தொண்ணூறு பேர். வழக்கமாக வரும் வெள்ளைக்கார விவசாயிகள் இருவர் எழுந்து இடம் விட்டு, காப்பி ஊற்ற ஆரம்பித்தார்கள். கொஞ்சம் போதகரின் மடியிலும் ஊற்றினார்கள். லெமுவல் அண்ணன் ஜன்னலோர முக்காலியில் ஏறி உட்கார்ந்து மேசையைத் தட்டினார்.

"ரெண்டு முட்டை, பன்றி வறுவல், ஒரு காப்பி. ஆர்டர் குடுத்து அறுபது வருஷம் ஆச்சு தம்பி."

கிளேட்டன் தன் கையால் கொண்டுவந்து வைத்தான். கடையே எழுந்து நின்றது. அண்ணன் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "ஆறிப்போச்சு. வேற கொண்டா" என்றார். நாங்கள் சிரித்த சிரிப்பு உனக்கு டெட்ராய்ட்டில் கேட்டிருக்க வேண்டும்.

கர்த்தர் உன் முழங்காலையும் உன் பொல்லாத நாக்கையும் பலப்படுத்துவாராக.

உன் வெற்றித் தம்பி,
ரோஸ்கோ

பின்குறிப்பு: தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படித்த என் மனைவி ஓனீடா, "கதவைத் திறந்தது யாரு? கேட்டது யாரு? உண்மையை எழுதுங்க" என்கிறாள். சரி. அவள்தான். நான் அவள் கோட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். ஒன்பது வயதில் அந்த ஜன்னல் வழியாக நீ விழுந்ததைப் பார்த்தவன் அக்கா, கைப்பிடியைத் தொடக் கை வரவில்லை. கிளேட்டன் கூப்பிட்ட பிறகும் அவள்தான் என்னை உள்ளே இழுத்தாள். ஆனால் கடையைவிட்டுக் கடைசியாக வெளியே வந்தவன் நான். மூன்று தட்டு சாப்பிட்டேன். அதை ஓனீடாவும் ஒப்புக்கொள்கிறாள்.