கட்டை வைக்காத பியானோ

பியானோவின் காலில் சக்கரம் இருக்கிறது என்பது உலகத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரியாதவர்கள் பாக்கியவான்கள். நான் அதைப் பன்னிரண்டு வயதில், தோட்டத்துப் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரிந்துகொண்டேன்.

1920களில் மலாயாவில், அசாம் ஜாவா என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் அப்பா பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளியில் பியானோ படித்த அம்மா, பழைய துரை ஒருவர் விட்டுப்போன பியானோவில் எனக்கும் கற்றுக்கொடுத்தார். எறும்பு ஏறாமலிருக்க அதன் கால்கள் மண்ணெண்ணெய் ஊற்றிய பால் டின்களில் நின்றன. (சாப்பாட்டு அலமாரிக்கும் பியானோவுக்கும் எங்கள் வீட்டில் ஒரே மரியாதை.) ஆறு வயதில் தேவாலயத்தில் வாசித்தேன். எட்டு வயதில் ‘அதிசயப் பிள்ளை’ என்றார்கள். பத்து வயதில் நானே அதை நம்பிவிட்டேன். அதற்குப் பிறகு என்னோடு ஒரே வீட்டில் இருந்தவர்களை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது.

கோலாலம்பூரிலிருந்து வெள்ளைக்கார சங்கீத ஆசிரியை ஒருவர் துரை பங்களாவுக்கு விருந்தாளியாக வந்தார். என் வாசிப்பைக் கேட்டு, பிடித்தால் மாணவியாகச் சேர்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அப்பா தன் தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

“அவ ஓமெண்டால் கோலாலம்பூர். இல்லையெண்டால் பியானோவை வித்துப்போட்டுத் தையல் மெஷின். சரியோ, பிள்ளை?”

எனக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது.

வாசித்துக் காட்டும் நாளன்று பங்களாக் கூடத்தில் புழுக்கம். எனவே தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோர் ஆறுமுகம் ஆள் வைத்து, துரையின் பியானோவை வராந்தாவுக்குத் தள்ளிவந்தார். மழைத்தண்ணீர் வடிய வெளிப்பக்கம் சரித்துப் போட்ட, மெழுகு தேய்த்த பலகைத் தரை. காலுக்கு டின் கிடையாது. ஆசிரியையோ பியானோவுக்குப் பின்னால், கிராதி ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சின்னப் பிள்ளை முகத்தைப் பார்த்தால் காது இளகிவிடுமாம்.

“என்ன நடந்தாலும் நிப்பாட்டாதை. யேசு நேரில வந்தாலும் முடிச்சுப்போட்டுத்தான் எழும்ப வேணும்,” என்று அம்மா காதில் ஓதினார்.

முதல் பக்கம் தேன். இரண்டாம் பக்கத்தில் பலமாக அடிக்க வேண்டிய இடம் வந்தது. அதிசயப் பிள்ளையல்லவா, வஞ்சகமில்லாமல் அடித்தேன். பியானோ ஒரு சாண் தள்ளிப் போனது. கையை நீட்டி அடித்தேன். இன்னொரு சாண் போனது.

“கிராணி ஐயா! பொட்டி ஓடுதுங்க!” என்று மண்டோர் கத்தினார்.

நிறுத்தக் கூடாதே! வலக்கையால் வாசித்தபடி, இடக்கையால் முக்காலியை இழுத்துக்கொண்டு துரத்தினேன். பாடம் செய்தது முழுவதும் மறந்துபோனது. விரலுக்கு வந்ததை வாசித்தேன். நடுநடுவே முக்காலி ‘தடக், தடக்’ என்றது. அப்பா ஒரு பக்கம் பிடிக்க ஓடி, மெழுகில் வழுக்கி, துரை மடியில் போய் விழுந்தார். பியானோ நிதானமாகப் போய் ஆசிரியையைக் கிராதியோடு சேர்த்து நிறுத்தியது. நான் கடைசிச் சுரத்தை அழுத்தி, எழுந்து கும்பிட்டேன்.

தையல் மெஷின் என் கண்முன்னே வந்து நின்றது. அழுதுவிட்டேன்.

பியானோவை இழுத்து, மண்டோர் இரண்டு விறகுக் கட்டைகளைச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த பிறகுதான் அந்த ஆசிரியை அம்மாள் வெளியே வந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“முதல் பக்கத்தை இப்படி வாசிக்கும் பிள்ளைகள் என்னிடம் நிறைய இருக்கிறார்கள். நடுவில் தாளத்தை வெட்டி வெட்டி ஒன்று வந்ததே, அது யார் எழுதியது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

வாழ்நாளில் பொய் சொல்லாத என் அம்மா, “இவள்தான்!” என்றார். (யோசித்துப் பார்த்தால் அதுவும் பொய் இல்லை.)

“மறுபடி வாசி.”

எனக்கோ முக்காலியை இழுத்தால்தான் அது வரும். அசையாமல் நின்ற பியானோவின் முன்னால் முக்காலியை முன்னும் பின்னும் இழுத்து இழுத்து வாசித்தேன். அந்த அம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த மாதமே கோலாலம்பூருக்கு வரச் சொன்னார். வாசிப்பதற்கு அல்ல, எழுதிப் பழக.

நான் இசையமைப்பாளர் ஆன கதை இவ்வளவுதான். பேட்டி எடுக்க வருகிறவர்களிடம் இதைச் சொல்வதில்லை. ஆனால் வீட்டில் யாரும் மறக்கவில்லை. என் கல்யாணத்தில், “இந்த விவாகத்துக்கு யாருக்காவது தடை உண்டா?” என்று போதகர் கேட்டார். முன்வரிசையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது:

“தடை இல்லை ஐயா. மாப்பிள்ளைக்குக் கட்டை வைச்சாச்சோ எண்டு மட்டும் பாருங்கோ!”