நாலாவது மாடிக் காற்று

படிவத்தை அதிகாரியம்மா நீட்டியபோது, பாய்லர்காரருக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"கையெழுத்துப் போடுங்க சார். திங்கக்கிழமை கூரை ஏறணும்."

கொள்ளைநோய் தணிந்து எல்லா ஆலைகளும் திறந்துகொண்டிருந்தபோது, அவருடைய நிலக்கரி மின்நிலையத்தை மட்டும் மூடப்போவதாக அறிவித்திருந்தார்கள். ஆனால் ஒருவரையும் நடுத்தெருவில் விடமாட்டார்களாம். எல்லோருக்கும் சோலார் பலகை பொருத்தும் பயிற்சி, பிறகு வேலை. அந்த வாக்குறுதிக்காகத் தொண்டை கிழியக் கோஷம் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

இருபத்திரண்டு வருடம் நெருப்போடு மல்லுக்கட்டியவர்தான். ஆனால் பரண்மேல் இருக்கும் பெட்டியை எடுக்க மனைவிதான் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். இதை வெளியே சொன்னால் மானம் என்னாவது?

"முட்டி வலிக்குது மேடம்."

"அதனாலென்ன? யாரும் விட்டுப்போகக் கூடாதுன்னு உத்தரவு சார்."

மாலைக்குள் இரண்டு முட்டிக்கும் உறை வந்துவிட்டது.

மறுநாள் மறுபடி போய் நின்றார். "வெயில்ல தலை சுத்துது மேடம்."

"அப்ப காலையில முதல் ஆளா ஏறிடுங்க. வெயில் வர்றதுக்குள்ள இறங்கிடலாம்."

வீட்டுக்கு வந்தால் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்னங்க, இத்தனை பேர்ல உங்களைத்தான் முதல் ஆளாப் போட்டிருக்காங்களாமே! தெரு முழுக்கச் சொல்லிட்டேன்."

அவள் வேலை பார்த்த தையல் கூடம் நோய்க்காலத்தில் மூடியது, திறக்கவே இல்லை. அவள் இப்படிச் சிரித்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. பாய்லர்காரருக்குச் சோறு இறங்கவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்குமாகக் குட்டிபோட்ட பூனைபோல் நடந்தார்.

வெள்ளிக்கிழமை கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "அந்தக் காய்ச்சல் வந்துட்டுப் போனதுல இருந்து மூச்சு வாங்குது மேடம்."

அதிகாரியம்மா பதறிப்போனார். "முதல்லயே சொல்லக் கூடாதா சார்? உங்களுக்கு நல்ல காத்து வேணுமே! ஒரு மாடிக் கட்டடத்துல போட்டிருந்தேன். நாலு மாடிக்கு மாத்திடறேன்."

திங்கள் காலை. கீழே ஒலிபெருக்கியோடு பயிற்சியாளர், அவருக்குப் பின்னால் மனைவி, மனைவிக்குப் பின்னால் தெரு. மொட்டைமாடியில் பாய்லர்காரர், முட்டி உறையும் இடுப்பில் பாதுகாப்பு பெல்ட்டுமாக, தண்ணீர்த் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

"தொட்டியை விடுங்கண்ணே! பலகை இந்தப் பக்கம்!"

"மாட்டேன்!"

"பெல்ட்டுதான் மாட்டியிருக்கே?"

"பெல்ட்டுக்கு என்ன தெரியும்!"

கண்ணைத் திறந்து ஒருமுறை எட்டிப் பார்த்தார். மனைவி எறும்பளவு தெரிந்தாள். அவ்வளவுதான். இத்தனை வருடம் கட்டிக்காத்த மானம் நாலு மாடியையும் ஒரே நொடியில் இறங்கிவிட்டது.

"எனக்கு உயரம்னா பயங்க! முட்டி வலி பொய், தலைசுத்தல் பொய், மூச்சு வாங்கறதும் பொய்! நீங்களாவது மேல வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க!"

கீழே ஒலிபெருக்கி கரகரத்தது.

"நான் எப்படிண்ணே வர்றது? நானும் நிலக்கரி ஆளுதான், எனக்கும் உயரம்னா உதறல். அதை மேடம்கிட்ட உள்ளபடி சொன்னேன், 'அப்ப கீழ நின்னு சொல்லிக்கொடுங்க'ன்னு அன்னிக்கே இந்த வேலையைப் போட்டுக் குடுத்துட்டாங்க!"