ஆமை, வெங்காயம், மாமா, பேய்

ஆள் ஏற்றும் ஜீப்னி வண்டி ஓட்டுகிற பானோங் எனக்குப் பதினோராயிரம் பெசோ கடன் தரவேண்டும். அவன் வண்டியின் ரேடியேட்டர் வெடித்த அன்று என் இடுப்புப் பையிலிருந்து எண்ணிக் கொடுத்தது எட்டாயிரம். மிச்சம், என் கடையில் உட்கார்ந்து அவன் தின்ற லோமி என்கிற நூடுல்ஸ் குழம்பு. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், நான் சொல்லப்போகிற இனத்தை அடையாளம் காண வேறு மச்சம் தேடவேண்டியதில்லை. கைப்பேசிக்குள் மட்டுமே இருக்கிற புதுப்பணத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பார். பழைய பணத்தில் உங்களுக்குத் தரவேண்டியதைத் தந்திருக்க மாட்டார். இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் காற்றுப்பணக்காரர்.

பெயர் வைக்க எனக்குத் தகுதி உண்டு. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதற்கு மேல் படித்தவர்கள் பலர் என்னிடம் கடன் சொல்லிச் சாப்பிடுகிறார்கள். லீபா ஊரின் ஜீப்னி நிலையத்தில் ஒற்றை அடுப்போடு ஆரம்பித்தவள். இன்று ஒன்பது மேசை. யார் எத்தனை கிண்ணம் தின்றார், யார் முட்டை சேர்த்துக்கொண்டு சேர்க்கவில்லை என்றார், எல்லாம் என் தலைக்குள் இருக்கிறது. நாற்பது வருஷத்தில் ஒரு முட்டை தப்பியதில்லை.

காற்றுப்பணக்காரரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேசையில் உட்கார்ந்ததும் கரண்டியைத் தேடமாட்டார், மின்செருகியைத் தேடுவார். கைப்பேசியைக் கிண்ணத்தில் சாய்த்து வைத்து, அதில் ஏறி இறங்கும் கோட்டைப் பார்த்து, ஜுரத்தில் படுத்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் உச்சுக்கொட்டுவார். கேட்காதவரிடம் விளக்குவார். கேட்டவரிடம் "உங்களுக்கு இது புரியாது" என்பார். வங்கிக்காரன் திருடன், அரசாங்கம் ஒட்டுக்கேட்கிறது, இந்தக் காசு மட்டும்தான் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாத காசு என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார். தாழ்த்திய குரல் மூன்றாவது மேசைவரை கேட்கும்.

சரி, அவ்வளவு நல்ல காசு என்றால் என் கடனைத் தரலாம் அல்லவா?

"ஏறிக்கிட்டிருக்கு நானாய்," என்றான் பானோங் ஒரு நாள். வயதான பெண்களை நாங்கள் அம்மா என்கிற அர்த்தத்தில் நானாய் என்போம். கடன் வாங்கியவர்கள் அதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்வார்கள். "ஏறும்போது வித்தா எனக்கு நஷ்டம்."

அடுத்த வாரம் கேட்டேன். "எறங்கிடுச்சு நானாய். எறங்கினப்ப விக்கிறவன் முட்டாள்."

அதற்கடுத்த வாரம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அமைதியா இருக்கு. இந்த அமைதியக் கலைக்கக் கூடாது."

விற்பதற்கு நல்ல நாளே கிடையாத காசைக் கண்டுபிடித்தவன் கெட்டிக்காரன்தான்.

இந்தக் காசுக்கு ஒரு பூட்டு உண்டாம். பூட்டுக்குச் சாவி பன்னிரண்டு வார்த்தை. வரிசை மாறாமல் சொன்னால் எந்தக் கைப்பேசியிலும் காசு வந்து நிற்கும், மறந்தால் போயே போய்விடும். பானோங்குக்குத் தன் இரண்டு மகள்களின் பெயரே வரிசையாக வராது. தாளில் எழுதி வைத்தால் மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து தாளைக் கொண்டுபோகும்; இல்லாவிட்டால் மனைவி லிகாயா மீன் பொட்டலம் கட்டிவிடுவாள். எங்கள் ஊரில் ஒரு ஜீப்னிக்காரன் தனக்கு உயிரானதையெல்லாம் எங்கே எழுதி வைப்பான்? புனிதர் பெயர், பிள்ளைகள் பெயர், விட்டுப்போன காதலி பெயர்? வண்டியில். பானோங்கும் அதைத்தான் செய்தான். பெயிண்டரைக் கூப்பிட்டு, வண்டிக்குள் வலதுபக்க ஜன்னல்களுக்கு மேலே ஆறு, இடதுபக்கம் ஆறு என்று, ரோஜாப்பூவுக்கும் குதிரைத் தலைக்கும் நடுவே, தங்க நிறத்தில் தன் ரகசியத்தை எழுதவைத்தான்.

"ஜீப்னியில எழுதினதை எவன் படிக்கிறான்?" என்று பிற்பாடு கேட்டான்.

எவன் படிக்கமாட்டான்? நெரிசலில் முக்கால் மணி நேரம் நிற்கிற வண்டியில் எதிர்ப்பக்கத்துக்காரன் மூஞ்சியை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது?

முதலில் படித்தவள் லிகாயா. சந்தைக்குப் போக அவள் தினமும் இடதுபக்கப் பலகையில், கதவோரம், மீன் தொட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்காருவாள். எதிரே பளபளவென்று: ஆமை, வெங்காயம், மாமா, பேய், உப்பு, கூடை.

"என்னய்யா இது?" என்றாள்.

உண்மையைச் சொன்னால் காசு இருப்பது தெரிந்துவிடும். "நம்ம கல்யாண நாளுக்கு உன்னைப் பத்தி ஒரு கவிதை," என்றான் பானோங்.

பாவி.

அவள் என் கடைக்கு வந்து மூக்கைச் சிந்தினாள். "ஆமைன்னா நான் மெதுவாம். வெங்காயம்னா அழவைக்கிறேனாம். பேய்க்கு அர்த்தமே வேண்டாம். இந்த மாமா யாரு நானாய்? சத்தியமா எனக்கு எந்த மாமாவும் இல்லை." திருவிழாவுக்கு முந்தின வாரம் அதே பெயிண்டரைப் பிடித்து, அத்தனைக்கும் மேலே வெள்ளையடித்து, இரண்டு பக்கமும் தன் பெயரைப் பெரிதாக எழுதவைத்தாள். பானோங் வெளிறிப்போனான். ஆனால் கைப்பேசி பத்திரமாக இருக்க, வார்த்தை போனால் என்ன என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

இப்போது என் அவசரத்துக்கு வருகிறேன். என் கடையை ஒட்டிய கடை காலியானது. அதை எடுத்தால் பதினெட்டு மேசை போடலாம். முன்பணத்துக்குப் பதினோராயிரம் குறைந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் கட்டாவிட்டால் கோழி வறுவல்காரன் ஒருவனுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார் அந்தக் கடையின் சொந்தக்காரர். அந்த வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்குப் பானோங்கின் வண்டி என் கொப்பரைக்குப் பக்கத்தில் வந்து நின்றதும் நான் கரண்டியோடு வெளியே போனேன்.

"கடனை அப்புறம் பேசுவோம்டா. முதல்ல இந்த ஒரு கிண்ணத்துக்கு உன் காசுல குடு. தொண்ணூறு பெசோ. காசுன்னா லோமி வாங்கத் தெரியணும்."

வரிசையில் நின்ற பயணிகள் கூடிவிட்டார்கள். அவன் மார்பை நிமிர்த்திக்கொண்டு, காசு வந்து விழ என் கைப்பேசியில் ஏதோ போட்டுக்கொடுத்துவிட்டு, தன் கைப்பேசியைத் தட்டினான். தகரக்கூரைக்குக் கீழே சிக்னல் இல்லை. ஜீப்னியின் கூரைமேல் ஏறினான்.

"அனுப்புறதுக்குக் கூலி நூத்திமுப்பது பெசோ காட்டுது," என்று மேலிருந்து குரல் வந்தது. "கொஞ்சம் நெரிசல், அதான்."

"காத்துல என்னடா நெரிசல்?"

"போயிடுச்சு. வந்துச்சா?"

"வரலை."

"பத்து நிமிஷம் ஆகும் நானாய்."

எங்கள் லோமி சூடாக இருக்கும்வரைதான் குழம்பு. ஆறினால் பசை. பத்து நிமிஷத்தில் கிண்ணத்தில் கரண்டி தானாக நின்றது. கூட்டத்தில் ஒருவன், "நானாய், இன்னும் கொஞ்சம் விட்டா செங்கல்லா வித்துடலாம்," என்றான். மேலே இருந்தவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எங்கிட்ட ரெண்டு லட்சம் பெசோ கெடக்கு. தொண்ணூறு பெசோவுக்கா ஓடிப்போவேன்?" என்று நிலையம் முழுக்கக் கேட்கக் கத்தினான்.

நிலையத்தில் அப்போதுதான் மீன் தொட்டியோடு வந்து நின்ற லிகாயாவுக்கும் கேட்டது. "எவ்வளவு?" என்றாள் அவள், மெதுவாகத்தான்.

பானோங் அவளைப் பார்த்தான். கையை அவசரமாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். கைப்பேசி நழுவி நேராக என் கொப்பரைக்குள் போனது. கரண்டியால் எடுத்தேன். நூடுல்ஸ் சுற்றிக்கொண்டு வந்தது, உயிர் இல்லை.

பிறகு நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். உலகத்திலேயே மிக அந்தரங்கமான காசின் சொந்தக்காரன், பயணிகளின் முன்னால் கைகூப்பி, தன் ரகசியம் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று கெஞ்சினான். எல்லாருக்கும் இருந்தது. அதுதான் தொல்லை. ஒருவன் ஆமை என்றான், ஒருவன் முதலை என்றான். வலதில் உட்கார்ந்தவர்களுக்கு இடதுபக்கம்தான் தெரியும், இடதில் உட்கார்ந்தவர்களுக்கு வலது. லிகாயாவின் கைப்பேசியில் பானோங் எதைப் போட்டாலும் தப்பு தப்பு என்றது.

முதல் ஆறை லிகாயாதான் சொன்னாள். கண் மூடி, பல்லைக் கடித்து, வரிசை மாறாமல். அடிபட்டது மறக்குமா?

அடுத்த ஆறு? தினமும் விடியற்காலைச் சந்தைக்கு வலதுபக்கப் பலகையில் போகிறவள் யார்? நாற்பது வருஷத்து முட்டைக்கணக்கைத் தலையில் வைத்திருக்கிறவள் யார்?

"ஏணி, பாலம், முரசு, எலுமிச்சை, குடை," என்றேன். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

"கடைசி ஒண்ணு, நானாய்."

"பதினோராயிரம்."

"திறந்தாத்தானே விக்க முடியும்? வித்த உடனே தர்றேன்."

"நீ என்னைக்கு வித்திருக்கே?"

பானோங் மனைவியைப் பார்த்தான். லிகாயா கூரையைத் தாண்டி வெளியே நின்று, தன் கைப்பேசியில் அந்தக் காசின் விலைக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றி சுருங்கியது. மெல்ல உச்சுக்கொட்டினாள்.

"ஏறுது போலிருக்கே," என்றாள். "நாளைக்கு வித்தா என்ன, நானாய்?"

சிரிக்கிறீர்களா? அந்தக் காசின் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத மீன்காரிக்கு அரை மணி நேரத்தில் தொற்றியது, உங்களுக்குத் தொற்றாதா? காசை யாருக்கும் தெரியாமல் வைத்திருக்கிறீர்கள், சரி. உங்கள் வங்கி அட்டையின் ரகசிய எண் மூத்த பிள்ளை பிறந்த வருஷம்தானே? அதை இயந்திரத்தில் அழுத்தும்போது உங்கள் உதடு அசைவது உங்களுக்குத் தெரியுமா? யாருக்கோ தரவேண்டியதை நல்ல நாள் பார்த்துத் தரலாம் என்று வைத்திருக்கிறீர்களே, அந்த நாள் எந்த மாதத்தில் வருகிறது? ஒருமுறை கண்ணாடியைப் பார்த்து உச்சுக்கொட்டிப் பாருங்கள். இயல்பாக வந்தால் நீங்களும் எங்கள் பானோங்தான்.

"என் வார்த்தையும் ஏறிக்கிட்டுத்தான் இருக்கும்மா," என்றேன் லிகாயாவிடம். "நாளைக்குப் பன்னிரண்டாயிரம்."

கடையின் கடிகாரத்தில் ஐந்தரை. பானோங் வாயைத் திறந்தான். லிகாயா, "யோவ், நீ சும்மா இரு," என்றாள். ஏப்ரனைத் தூக்கி, உள்ளே கட்டியிருந்த துணிப்பையை அவிழ்த்தாள். அன்று முழுக்க மீன் விற்ற காசும், நாளை மீன் வாங்கவேண்டிய காசும். செதில் ஒட்டிய, ஈரமான நோட்டுகள். சிக்னல் வேண்டாம், கூரை ஏறவேண்டாம், அனுப்பக் கூலியும் கிடையாது. நான் கரண்டியை வைத்துவிட்டுக் கையை விரித்தேன். அவள் கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றாக வைத்தாள்; பயணிகள் எல்லாரும் அவளோடு சேர்ந்து உரக்க எண்ணினார்கள். பத்தாயிரத்தைத் தாண்டியதும் அவள் விரல் ஒரு கணம் நின்றது. நான் விரித்த கையை மடக்கவில்லை.

"வாத்து," என்றேன், கடைசி நோட்டு உள்ளங்கையில் ஈரமாக வந்து ஒட்டிய பிறகு.