ஜோஸ்வாவின் இடது முட்டி குறித்து

பிளாக் 17, நெய்வேலி
வியாழக்கிழமை

அன்புள்ள தம்பி வளவனுக்கு,

அக்கா பொற்கொடி எழுதுவது. நான் சுகம். நீ சுகம் என்பது உன் கபடி அணி வெளியிட்ட படத்தில் தெரிந்தது; கொஞ்சம் சதை போட்டிருக்கிறாய். ஆகவே அந்த விசாரிப்பை இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

போன மாதம் நீ அனுப்பிய குரல்பதிவு ஏழு நிமிடம் இருந்தது. பொங்கலுக்கு நாம் பேசியது ஒன்றரை நிமிடம். எனவே வேறு யாருக்கோ அனுப்பியது தவறி எனக்கு வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டாம் முறை கேட்டபோது விஷயம் புரிந்தது. மந்தாரக்குப்பத்தில் ஜோஸ்வா என்று ஒரு கல்லூரிப் பையன், பல்கலைக்கழகப் போட்டிகளில் ரெய்டு போய்ப் பெயர் வாங்கியவன், உங்கள் தொழில்முறை அணிக்கு ஆள் எடுக்கும் பட்டியலில் அவனைச் சேர்க்கலாமா என்று யோசிக்கிறாய். "வீடியோவுல ஆட்டம் தெரியுதுக்கா, ஆளு தெரியல. நீ பக்கத்துலதான இருக்க, ஸ்கூலும் லீவு, சும்மாதான இருப்ப? போய்ப் பாத்து எழுது. எதுக்குப் பாக்கறன்னு யாருக்கும் சொல்லாத, தெரிஞ்சா நடிப்பானுங்க" என்றாய். சும்மா இருப்பதை நான் மறுக்கவில்லை. பட்டியல் திங்களோடு முடிகிறது என்பதால் தாளில் எழுதிப் படம்பிடித்து அனுப்புகிறேன். போனைப் பார்த்துப் பேச எனக்கு வராது.

முதலில் ஆட்டம். மூன்று மாலை மைதானத்தின் ஓரம் குடையோடு உட்கார்ந்து எண்ணினேன். ஏழு பேர் காத்திருக்கும் பக்கத்துக்கு ஒருவன் தனியாகப் போய், மூச்சு முட்டுவதற்குள் யாரையாவது தொட்டுவிட்டுத் திரும்பி வரவேண்டும். கல்யாண வீடுகளுக்கு நான் போய்வருவதும் ஏறக்குறைய இப்படித்தான் என்பதால் விதிகள் சீக்கிரம் பிடிபட்டன. ஜோஸ்வா நாற்பத்தொரு முறை போனான். பதினெட்டு முறை தொட்டான், பதினாறு முறை வெறுங்கையோடு திரும்பினான், ஏழு முறை அமுக்கப்பட்டான். நாற்பத்தொன்று மிகச் சிறிய எண்ணிக்கை, இதை வைத்து யாரையும் நல்லவன் என்றோ கெட்டவன் என்றோ புள்ளியியல் படித்தவள் சொல்லக் கூடாது. முதல் அடி வேகமானது. கை நீளம். தன்னை அமுக்கியவர்கள் எழுந்திருக்க அவனே கை கொடுக்கிறான்; இது உங்கள் தொழிலில் பலமா பலவீனமா என்பதை நீதான் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் விளங்கவில்லை. இரண்டாம் நாளிலிருந்து ஒவ்வொரு ரெய்டுக்கு முன்பும் சீப்பை எடுத்துத் தலை சீவினான். "டேய், மாமியாரு வந்துட்டாங்கடா, பாத்துப் போடா!" என்று அவன் கூட்டாளிகள் வேறு கத்தினார்கள். எதிரணிக்கு வைத்த பட்டப்பெயர் போலும் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

வினை நடந்தது மருதமுத்துவின் டீக்கடையில். மைதானத்துக்கு எதிரே உள்ள அந்தக் கடையில்தான் முதல் நாளே என் விசாரணையைத் தொடங்கினேன். பையன் எப்படி என்றேன். "தங்கம்ங்க. தண்ணி, பீடி ஒண்ணும் கிடையாது. ஆறடிக்கு ரெண்டு விரக்கடைதான் கம்மி" என்றார். வீட்டில் தொந்தரவு ஏதும் உண்டா என்றேன். "அம்மா மட்டும்தாங்க, சகாயம்மாள்னு, கேன்டீன்ல கான்ட்ராக்ட் வேலை. நாத்தனார், ஓர்ப்படின்னு பிச்சுப்புடுங்கல் கிடையாது" என்றார். நாத்தனார் எங்கே வந்தாள் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "நீங்களும் வேதக்காரங்களாங்க?" என்றார். "இல்லை. மதமெல்லாம் எங்களுக்கு முக்கியமில்லை, உடம்புதான் முக்கியம். முதலில் ஆறு மாதம் வைத்துப் பார்ப்போம், சரிப்படாவிட்டால் அனுப்பிவிடுவோம்" என்று, நீ சொன்ன ஒப்பந்த முறையை அப்படியே சொன்னேன். மருதமுத்து டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "காலம் மாறிப்போச்சுங்க" என்றார். ஐம்பதை நெருங்கும் ஒருத்தி டீக்கடையில் நின்று ஒரு பையனின் உயரத்தையும் பழக்கவழக்கத்தையும் குடும்பத்தையும் கேட்டால் ஊருக்கு ஒரே அர்த்தம்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை. எனக்காக யாரும் எங்கேயும் போய் அப்படி விசாரித்ததில்லை, அதனால் பழக்கமில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்த கையோடு சகாயம்மாள் வந்தார். பூப்போட்ட புடவை, கையில் பாதிப் பலாப்பழம். ஒற்றை ஆளிடம் பாதிப் பலாப்பழத்தைக் கொடுப்பது என்ன மாதிரியான கணக்கு என்று நான் திகைத்து நிற்க, "மருதமுத்தண்ணன்தான் பிளாக் சொன்னாரு. நாங்களும் ஒரு எட்டு வந்து பாக்கறது மொறைங்க இல்ல" என்று உள்ளே வந்துவிட்டார். காபி போட்டேன். இரண்டாவது டம்ளர் கிடைக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அவர் கூடம், அறை, கொடியில் காயும் துணி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "வேற யாரெல்லாம் இருக்காங்கங்க?" என்றார். யாருமில்லை என்றேன். "அப்ப பொண்ணு ஆஸ்டல்லங்களா?"

அந்த இடத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. சீப்பும் விளங்கியது. உடனே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நீ யாருக்கும் சொல்லாதே என்றது ஒரு காரணம். இன்னொரு காரணம், அவர் டம்ளரில் அப்போது பாதிக் காபி இருந்தது. சொன்னால் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். ஆகவே, வளவா, உனக்கு ஒரு மகளைக் கொடுத்தேன். புனேயில் படிக்கிறாள் என்றேன். பெயர் கேட்டார், இசைப்பிரியா என்றேன். கணக்கில் கெட்டி, கொஞ்சம் பிடிவாதம், அத்தையிடம் தினமும் போனில் பேசுவாள் என்று கேட்காததையெல்லாம் சொன்னேன். ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். கேன்டீனில் முந்நூறு பேருக்குச் சாம்பார் வைப்பதைப் பற்றிச் சொன்னார். நான் ஒருத்திக்கு வைப்பதில் உள்ள கஷ்டத்தைச் சொன்னேன். "ஒரு ஆளுக்கு எப்டிங்க பருப்பு அளக்கறது!" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

கிளம்பும்போது வாசலில் நின்று, குரலைத் தணித்து, "மறைக்கக் கூடாதுங்க டீச்சர். பின்னாடி நாலு பேரு சொல்லித் தெரிஞ்சா நல்லா இருக்காது. எம் புள்ளைக்கு எடது முட்டி சரியில்ல. ரெண்டு வருசமாவே வலியப் பொறுத்துகினுதான் ஆடறான். நீங்களும் நல்லா யோசிச்சுக்குங்க" என்றார். பெண் வீட்டாரிடம் தன் பிள்ளையின் குறையைத் தானாக வந்து சொல்லும் தாய்! உன் அணியின் ஆள் என்று போயிருந்தால் இந்த உண்மை ஏழு ஜென்மத்துக்கும் கிடைத்திருக்காது. பொய் சொல்லி வாங்கிய உண்மையை உனக்கு எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். மறுபடி மைதானத்துக்குப் போய் அவன் இடது காலை மட்டும் பார்த்தேன். தெளிவாகத் தெரிந்தது. வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் அந்தக் காலை ஊன்ற ஒரு கணம் தயங்குகிறான். ஏழு முறை அமுக்கப்பட்டானே, அதில் ஐந்து அந்தத் தயக்கத்தால்தான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். நான் கிளம்பும்போது அவனே என்னிடம் ஓடி வந்து, "மிஸ், நான் இன்னும் ரெண்டு வருசம் ஆடணும். அவங்க ஒத்துப்பாங்களா?" என்று கேட்டான். யார் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று அவன் நினைத்தானோ அவள் இல்லவே இல்லை. யார் ஒத்துக்கொண்டால் அவன் ஆட முடியுமோ அது நீ. குடையை விரித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

முடிவாக, இந்த வருடப் பட்டியலில் ஜோஸ்வாவைச் சேர்க்க வேண்டாம். முட்டியைக் காட்டி வைத்தியம் செய்துகொள்ளட்டும்; அடுத்த வருடம் பார்க்கலாம். இதை எழுத எனக்குச் சந்தோஷமில்லை.

உனக்கும் உன் மனைவிக்கும் எந்த நோவும் அண்டாதிருக்கட்டும். உன் அணி ஜெயிக்கட்டும். தோற்றாலும் ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
உன் அக்கா,
பொற்கொடி

பின்குறிப்பு (வெள்ளி மாலை): படம்பிடித்து அனுப்பும் முன் மனசு கேட்கவில்லை. மந்தாரக்குப்பம் போய்ச் சகாயம்மாளிடம் உண்மையைச் சொன்னேன். பெண் இல்லை, கபடி அணிதான், முட்டியைப் பற்றி எழுதிவிட்டேன் என்றேன். அவர் அரிவாள்மனையை விட்டு எழுந்தே விட்டார். "ஐயோ டீச்சர், அவன் முட்டி கல்லுங்க! ஒண்ணும் கிடையாது! வாணாம்னு மொகத்துக்கு நேரா எப்டிங்க சொல்றது? நம்ம புள்ள மேல ஒரு கொறையச் சொல்லிட்டா அவங்களே ஒதுங்கிக்குவாங்கன்னுதான் சொன்னேன்." ஏன் வேண்டாம் என்று முடிவு செய்தீர்கள் என்றேன். அரிவாள்மனையைச் சுவரோரம் தள்ளி வைத்தார். பிறகு, "கோச்சுக்காதீங்க. வூட்ல ஆளே இல்லைங்களே. ஒரு நல்லது கெட்டதுன்னா யாரு வந்து நிப்பாங்க? தம்பி ஒருத்தரு இருக்கறாருன்னீங்க, அவர் படங்கூட ஒண்ணு மாட்டல" என்றார்.

ஆகவே முட்டியில் நான் கண்ட தயக்கத்தை என் எம்.எஸ்ஸி. பட்டத்தோடு சேர்த்து அடித்துவிடு. பையனை எடுத்துக்கொள். நீயே நேரில் பார்த்தால் ஒரு ரெய்டிலேயே சொல்லிவிடுவாய். ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டம் வைத்திருக்கிறார்கள், மத்தியானம் சகாயம்மாள் வீட்டில் கோழிக் குழம்பு. என் தம்பி கட்டாயம் வருவான் என்று சொன்னேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரிங்க டீச்சர்" என்றார். அவர் சொன்ன முட்டியை நான் நம்பியதில் கால்வாசிகூட, நான் சொன்ன தம்பியை அவர் நம்பவில்லை.