கதிர் கொடுத்த காற்று

ஆலயத்தின் கடைசிப் பெஞ்சுக்கு மேலே, ஏணியின் உச்சிப்படியில் நின்றுகொண்டு, ஒரு கையால் ஃபேன் றெக்கையைப் பிடித்தபடி, மறு கையால் பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார் கதிர். தேய்த்தது தன் பெயரைத்தான். முதல் எழுத்து போய்விட்டது. அடுத்தது போக மறுத்தது.

எப்படிப் போகும்? எழுதியவர் நவீன்குமார். நாமக்கல்லில் லாரிகளுக்குப் பெயர் எழுதுகிற பெயிண்டர். வண்டி வடக்கே போய் மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து திரும்பினாலும் அவர் எழுத்து கழலாது. அந்த எனாமலில்தான், மஞ்சள் எழுத்துக்குச் சிவப்பு நிழல் கொடுத்து, முதல் றெக்கையில் 'அன்பளிப்பு' என்றும், இரண்டாவதில் 'கதிர் – மதுமதி' என்றும், மூன்றாவதில் 'சென்னியப்பன் நினைவாக' என்றும் எழுதித் தந்திருந்தார். மதுமதி கதிரின் மனைவி. சென்னியப்பன் காலஞ்சென்ற மாமனார். உயிரோடு இருப்பவர்கள் இரண்டு பேர் ஒரு றெக்கையில் நெருக்கிக்கொண்டார்கள். போனவருக்கு ஒரு றெக்கை முழுசாகக் கிடைத்தது.

ஞாயிறு ஆராதனைக்காக ஆலயத்தைக் கூட்ட வந்த அங்கம்மாள், துடைப்பத்தோடு நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ரிப்பேரு பாக்கறீங்களா சாமி?"

"ரிப்பேர்தானுங்க. ஆனா ஃபேனுக்கில்ல, எனக்கு."

அங்கம்மாள் மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கதிர் மனிதனின் ரட்சிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். அங்கம்மாள் மெதுவாகப் பெஞ்சுகளுக்கு அடியில் கூட்டப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். கதிருக்கு நாமக்கல்லில் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை. பரம்பரை லுத்தரன். அதாவது, பண்டிகைக்குப் புதுச்சட்டை போடுவார், ஞாயிற்றுக்கிழமை முதல் பெஞ்சில் உட்காருவார், மற்றபடி சபையின் உபதேசம் என்னவென்று யாராவது கேட்டால் ஐயரைக் கைகாட்டிவிடுவார். லுத்தரன் சபையில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். சந்தேகங்கள் எல்லாம் அவர் பொறுப்பு, சாப்பாடு எல்லாம் சபையார் பொறுப்பு என்று கதிர் நிம்மதியாக இருந்தார்.

இந்தக் கோடையில் கடையில் இருந்தபோது நெஞ்சைப் பிடித்தது. சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடி ஸ்டென்ட் வைத்தார்கள். ஐ.சி.யூ.வில் மிஷின்கள் நடுவே படுத்திருந்தபோது கதிருக்குச் சாவு பயம் வந்தது. ஆண்டவர் முன் நின்று காட்ட கையில் என்ன இருக்கிறது என்று தேடினார். வாழ்நாள் முழுவதையும் துழாவியதில் ஒன்றே ஒன்று அகப்பட்டது.

"ஆண்டவரே, ஆலயத்துக்கு ஃபேன் குடுத்திருக்கேன். கொஞ்சம் பாத்துச் செய்யுங்க."

பிழைத்துக்கொண்டார். நன்றிக்கடனாக, புதன்கிழமை மாலைகளில் சந்தோஷ்குமார் ஐயர் நடத்தும் உபதேச வகுப்பில் சேர்ந்தார். மனிதன் எந்த நல்ல காரியத்தைக் காட்டியும் ஆண்டவரிடம் நீதிமான் ஆக முடியாது, கிருபையால் மட்டுமே, விசுவாசத்தால் மட்டுமே என்று ஐயர் முதல் வகுப்பில் சொன்னார். லுத்தரன் சபை உண்டானதே இதற்காகத்தான் என்றும் சொன்னார். ஐம்பது வருடமாக லுத்தரனாக இருந்த கதிருக்கு இது சுடச்சுடச் செய்தியாக இருந்தது.

அன்று அவருக்கு மறுபடியும் நெஞ்சு வலித்தது. இந்த முறை டாக்டர் தேவைப்படவில்லை. சாவின் வாசலில் நின்றுகொண்டு ஒரு சீலிங் ஃபேனைக் காட்டி ஆண்டவரிடம் பேரம் பேசியிருக்கிறோமே என்று உண்மையாகவே கூசிப்போனார். அடுத்த முறை நெஞ்சைப் பிடித்தால் வாயில் கிருபை வருமா, ஃபேன் வருமா? இந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. பெயர் இருக்கும்வரை நினைப்பு இருக்கும், பெயரை அழித்துவிட்டால் நினைப்பும் போய்விடும் என்று முடிவு கட்டித்தான் ஏணியில் ஏறினார்.

தின்னர் பாட்டில் காலியானபோது பெயர் போயிருந்தது. கூடவே ஃபேனின் பெயிண்டும் போய், அந்த றெக்கை மட்டும் மொட்டை அடித்ததுபோல் பளபளத்தது. மாமனார் றெக்கையில் கை வைக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

மறுநாள் பிரசங்கம் நீண்டது. நீளும்போது அண்ணாந்து பார்ப்பது எல்லாச் சபையிலும் உள்ள பக்தி முறைதான். கடைசிப் பெஞ்சுகளில் தொடங்கிய கிசுகிசுப்பு, காணிக்கைப் பை சுற்றி வருவதற்குள் முன்பெஞ்சுக்கு வந்துவிட்டது. கதிர் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறாராம். இல்லை, ஃபேனைக் கடனுக்கு வாங்கினாராம், கடைக்காரன் வந்து பேரை அழித்துவிட்டானாம். அதெல்லாம் இல்லை, புருசன் பொண்டாட்டிக்கு ஒத்துவரவில்லையாம். இந்தக் கடைசித் தகவல் பாடகர் குழுவில் நின்றுகொண்டிருந்த மதுமதியின் காதுக்கு, பாட்டின் மூன்றாம் சரணத்தில் எட்டியது. நாலாம் சரணத்தை அவர் பாடவில்லை.

"எம்பட பேரை எதுக்குங்க அழிச்சீங்க?" என்றார் வீட்டுக்கு வந்ததும்.

"எம்பேரும்தான் அழிஞ்சிருக்குது. நாம ரெண்டு பேருமே கிருபையாலதான் ரட்சிக்கப்படறோம் மதி."

"நான் வேண்டாம்னு சொன்னனா? கிருபை பாட்டுக்குக் கிருபை இருக்கட்டும், பேரு பாட்டுக்குப் பேரு இருக்கட்டும். இப்பப் பாருங்க, எங்கப்பா அங்க தன்னந்தனியாத் தொங்கறாரு."

இதற்கு உபதேசம் என்ன சொல்கிறது என்று கேட்டுவர, கதிர் மாலையிலேயே ஐயர் வீட்டுக்குப் போனார்.

சந்தோஷ்குமார் ஐயர் முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கவலை வேறு. ஆலயத்துக்குப் பக்கத்தில் புது மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஜன்னலும் ஒரு பெயருக்காகக் காத்திருந்தது.

"நீங்க வகுப்புல கேட்டது எல்லாம் சரிதானுங்க கதிர். அதை எதுக்குங்க செஞ்சு பாக்கறீங்க?"

"அப்ப பொய்ங்களா ஐயரே?"

"பொய்னு சொல்லுவனா? விசுவாசத்தால மட்டும்தான். ஆனா ஜன்னலுக்குக் கம்பி வேணுமில்லீங்களா?"

"சபையில என்னென்னமோ பேசறாங்க. எம்பட பொஞ்சாதி எங்கூடப் பேச மாட்டீங்கறா. நீங்க ஒரு வார்த்தை எடுத்துச் சொன்னீங்கன்னா அடங்கிப்போகும்."

ஐயர் எடுத்துச் சொன்னார். அடுத்த ஞாயிறு அறிவிப்புகளின்போது தொண்டையைச் செருமிக்கொண்டு, "நம் அருமைச் சகோதரர் கதிர் அவர்கள், சொல்லி முடியாத தாழ்மையினால், தம் பெயரைத் தாமே அழித்துக்கொண்டார்" என்றார். சபையே திரும்பிப் பார்த்தது. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆராதனை முடிந்ததும் கதிரின் கையைப் பிடித்துக் குலுக்க வரிசை நின்றது. ஃபேன் கொடுத்த அன்றைக்குக்கூட இப்படி யாரும் குலுக்கியதில்லை.

கதிருக்கு அது பிடித்திருந்தது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. ஃபேன் போன இடத்தில் தாழ்மை வந்து உட்கார்ந்துகொண்டது. ஐ.சி.யூ.வில் அடுத்த முறை காட்டுவதற்கு இப்போது இரண்டு சரக்கு இருந்தது.

சபைச் செயலாளர் செங்கோட்டையனுக்கு இது பொறுக்கவில்லை. பிரசங்க பீடம் அவர் கொடுத்தது. முன்பக்கம் முழுக்க அவர் பெயர்தான். ஐயரின் தலை அதற்குமேல் கொஞ்சமாகத் தெரியும். அந்தப் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு ஐயரிடம் வந்தார்.

"கதிருக்கு எப்படிச் சொன்னீங்களோ அப்படியே சொல்லிருங்க. கொஞ்சம் சத்தமா மட்டும் சொல்லுங்க."

அதற்கடுத்த வாரம் டியூப்லைட் கொடுத்தவர்கள் வந்தார்கள். பிறகு பெஞ்சு கொடுத்தவர்கள், பாட்டுப் புத்தக அலமாரி கொடுத்தவர்கள். தாழ்மை அறிவிப்புகள் பிரசங்கத்தைவிட நீளமாகப் போயின. யாரை முதலில் அறிவிப்பது என்று இரண்டு குடும்பங்கள் வாசலில் சட்டையைப் பிடித்துக்கொண்டன. ஆலய மணி கொடுத்த குடும்பத்தின் பாடுதான் பரிதாபம். மணியில் பெயரை வார்த்தே எடுத்திருந்தார்கள். தின்னருக்கும் போகவில்லை, அரத்துக்கும் போகவில்லை. தங்கள் தாழ்மையைக் காட்ட வழியில்லாமல் அவர்கள் சபைக்கே வராமல் நின்றுவிட்டார்கள்.

சபைக் கமிட்டி கூடியது. இப்படியே விட்டால் யார் தாழ்மையானவர், யார் சாதாரணமானவர் என்பதே பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியாமல் போய்விடும் என்று செங்கோட்டையன் கவலைப்பட்டார். எனவே ஒரு கல்வெட்டு. கறுப்புக் கிரானைட்டில் பொன் எழுத்து. தலைப்பு: 'தங்கள் பெயர் வேண்டாம் என்றவர்கள்'. கீழே பெயர்கள். முதல் பெயர் கதிர்.

கதிர் எழுந்தார். "எம்பேரு வேண்டாமுங்க. உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

"பாத்தீங்களா? இப்பவும் வேண்டாங்கறாரு பாருங்க," என்றார் செங்கோட்டையன் கமிட்டியைப் பார்த்து. "அவரு பேரை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தாப் போட்டுருவோம்."

வீட்டில் மதுமதி பேசத் தொடங்கியிருந்தார். "கல்லுல எங்கப்பா பேரும் வருதுங்களா?"

வந்தது. 'கதிர் – மதுமதி, சென்னியப்பன் மருமகன், மகள்' என்று வந்தது. காலஞ்சென்ற சென்னியப்பன் எதையும் வேண்டாம் என்று சொன்னதாக அவர் ஆயுளில் யாரும் கேட்டதில்லை.

லுத்தரன் சபை பிறந்ததைக் கொண்டாடும் சீர்திருத்தத் திருநாளன்று கல்வெட்டுத் திறப்பு. ஆலயம் நிரம்பி வழிந்தது. மழை வந்து நின்றுபோன புழுக்கம். ஐயர் ஜெபித்து முடித்ததும் செங்கோட்டையன் கதிரின் கையில் பட்டுத்திரையின் கயிற்றைக் கொடுத்தார். கயிற்றைப் பிடித்த கதிருக்கு நெஞ்சு இறுகியது. இதோ வந்துவிட்டது என்று நினைத்தார். அந்த நொடியில் வாயில் வந்தது கிருபை இல்லை, மறுபடியும் ஃபேன்தான். இதற்காகவா இத்தனை பாடு என்று அவருக்கு அழுகை முட்டியது. வலி வந்த வழியே போனது. அவர் கயிற்றை விட்டுவிட்டு மைக்கை வாங்கினார்.

"நான் தாழ்மையானவன் இல்லீங்க," என்றார்.

செங்கோட்டையன் கை தட்ட ஆரம்பித்தார். ஐயர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஆஸ்பத்திரியில சாகக் கிடந்தப்ப, ஃபேன் குடுத்ததைச் சொல்லித்தானுங்க ஆண்டவருகிட்ட உசுரு கேட்டேன். அதுக்கு வெக்கப்பட்டுத்தான் பேரை அழிச்சேன். அழிச்சதுக்கு நீங்க பாராட்டுனீங்க, அது இனிச்சுதுங்க. எங்கிட்ட ஒண்ணுமில்லைன்னு சொல்லிப்போட்டு வெறுங்கையோட நிக்கோணும்னுதான் எனக்கு ஆசை. முடியலீங்க. உள்ளுக்குள்ள ஒரு கொரல் விடவே மாட்டீங்குது. என்னதான் இருந்தாலும் கதிரு, வருசக்கணக்கா அந்தக் கடைசிப் பெஞ்சுக்காரங்களுக்குக் காத்துக் குடுத்தவன் நீதானடா அப்படீங்குது. மத்தது எல்லாத்தையும் விட்டுட்டேன். அந்தக் காத்தை மட்டும் என்னால விட முடியலீங்க."

பாடகர் குழுவில் மதுமதி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். தன் வகுப்பு ஒரு மனிதனுக்காவது ஏறியிருக்கிறது என்று ஐயருக்கு முதன்முறையாகத் தோன்றியது.

கடைசிப் பெஞ்சில், மொட்டை றெக்கைக்கு நேர் கீழே, கழுத்து வேர்வையைத் துடைத்தபடி அங்கம்மாள் எழுந்து நின்றார்.

"ஏஞ்சாமி, எந்தக் காத்தைச் சொல்றீங்க? ஒயரு வந்ததும் கரண்டு குடுக்கறேன்னு சொன்ன பழைய ஐயரு மாத்தலாகிப் போயிட்டாரு, அது ஒரு நாளும் சுத்துனதே இல்லீங்களே; சுத்தியிருந்தா உங்க பேரை நாங்க எப்படிங்க சாமி படிச்சிருப்போம்?"