மெயில் குன்னத்தில், ஓடிபி உடையார்பாளையத்தில்

ஓசி மெயில் பக்தர் என்றொரு இனம் உண்டு. நம் பக்கத்தில் டீக்கடைக்கு ஒருவர் வீதம் இருக்கிறார்.

குன்னம் நல்லுசாமியை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். காசு கேட்காது, துபாயில் உட்கார்ந்தாலும் திறக்கும், பத்து வருஷத்துக் கடிதத்தையும் ஒரு சொல்லைத் தட்டினால் தேடிக் கொடுக்கும், மூட்டுவலி என்று தேடினால் மெயிலின் ஓரத்திலேயே தைலம் காட்டும் என்று, எதிரில் இருப்பவர் எழுந்து போகும்வரை பேசுவார். "கூடப் பொறந்தவன்கூட இவ்வளவு அக்கறையா விசாரிக்க மாட்டான்" என்பார். அவர் சொல்வது விளம்பரத்தைத்தான்.

வீட்டில் ஆளுக்கொரு மெயில் எதற்கு என்று தன் முகவரியையே குடும்பத்துக்குப் பொதுவாக்கி வைத்திருந்தார். தம்பி மகள் சுவாதி நர்சிங் முடித்துத் திருச்சியில் ஒரு மருத்துவமனை வேலைக்கு எழுதிப் போட்டபோதும் அதே முகவரிதான். வேறு கொடுத்தால் பெரியப்பா ஒரு மாதம் பேசமாட்டார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் கிணற்றில் விழுந்தது. புதுப் போன் வாங்கினார். கடவுச்சொல் ஞாபகமில்லை. அதனாலென்ன, பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது. எந்த எண்? வேறொரு கம்பெனி இலவச டேட்டா தருகிறதென்று மூன்று வருஷத்துக்கு முன் அவர் தூக்கிப்போட்ட எண்.

பெரம்பலூரில் இந்த மெயிலுக்குக் கிளை ஆபீஸ் எங்கே என்று இரண்டு நாள் விசாரித்தார். கிளை கிடையாது. திட்டுவதற்கு ஓர் ஆள்கூடக் கிடையாது. காசே வாங்காதவன் சட்டையை எப்படிப் பிடிப்பது?

கடைசியில் பழைய எண்ணுக்கே போன் போட்டார். "உடையார்பாளையம் முந்திரிக் கடைங்க" என்றது ஒரு பெண் குரல். உங்களுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், அதைச் சொல்லுங்கள் என்றார். நம்மவர் எவ்வளவு பணிவாகக் கேட்டிருந்தாலும் வேறென்ன நடக்கும்? போன் துண்டிக்கப்பட்டது. அடுத்த அழைப்பு போகவே இல்லை.

மறுநாள் சுவாதியைக் கூட்டிக்கொண்டு அரியலூரில் பஸ் மாறி, விசாரித்து விசாரித்துக் கடையைக் கண்டுபிடித்தார். கடைக்காரி சின்னம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓடிபி கேக்குறவன் போன்லதான் கேப்பான். நீங்க பஸ் ஏறி வந்துட்டீங்க."

நல்லுசாமி ஆதார் அட்டையை நீட்டினார். அதெல்லாம் ஏமாத்துறவனுங்களும் வைத்திருப்பானுங்க என்று சின்னம்மாள் முந்திரியைச் சலிக்கத் தொடங்கினார். சுவாதி முன்னால் வந்தாள். வேலைக்குக் காத்திருப்பதையும் கடிதம் அதில்தான் வரும் என்பதையும் சொல்லி, நர்சிங் சான்றிதழை எடுத்துக் காட்டினாள். சின்னம்மாள் அதை நிதானமாகப் பார்த்துவிட்டுச் சல்லடையை ஓரமாக வைத்தார்.

"உனக்குச் சொல்றேன், பாப்பா. அவருக்கில்ல."

புதிதாக ஓடிபி வரவழைத்தார்கள். பெட்டி திறந்தது. திருச்சிக் கடிதம் மேலேயே இருந்தது. நேர்காணல் முந்தாநாளே முடிந்திருந்தது.

நல்லுசாமி எட்டிப் பார்த்தார். "பாத்தியா, லெட்டர் எவ்வளவு பத்திரமா இருக்கு" என்றார்.

சுவாதி அங்கிருந்தே மருத்துவமனைக்குப் போன் செய்தாள். இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். போனை வைத்துவிட்டு, கடை பெஞ்சில் உட்கார்ந்து தன் பெயரில், தன் எண்ணில் ஒரு மெயில் திறந்தாள். அதுவும் இலவசம்தான். கடவுச்சொல்லை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள்.

"அப்ப எம் மெயில் எதுக்கு?" என்றார் பெரியப்பா.

"தைலம் வாங்க" என்றாள் சுவாதி.

நான்கு மாதம் கழித்து அந்தப் புது முகவரிக்குப் பெரம்பலூர் மருத்துவமனை ஒன்றிலிருந்து வேலை உத்தரவு வந்தது. இலவச மெயிலின் அருமையைத் தம்பி குடும்பத்துக்குக் கற்றுக்கொடுத்ததே தான்தான் என்று நல்லுசாமி இப்போது டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் சிரித்தாயிற்றா? சரி. உங்கள் மெயில் பெட்டி நிறைந்துவிட்டது, இனி கடிதம் வராது என்று போன வாரம் வந்த எச்சரிக்கையைப் படிக்காமலேயே விரலால் தள்ளிவிட்டீர்களே, அதற்குள் என்னென்ன திரும்பிப் போயிற்றோ?